பொடியில்லாமல் ஒட்டிய பொன்மணிகள்: வாசகர் கேள்வி – பதில்

கிரேக்கம், இத்தாலி, எகிப்து என மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளின் பழைய பொன்நகைப் படங்களைச் சென்ற இதழில் வெளியிட்டிருந்தோம். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள்தான் அதிகம். அவற்றில் சில, பொன்வேலை செய்யும் பத்தர்களின் பட்டறைகளிலிருந்தே வந்தவை. முக்கால்வாசிக் கடிதங்கள் ஒரே கேள்வியைச் சுற்றி நின்றன: பொன்னும் பொன்னும் சேரும் ஒட்டு எங்கே? அதனால் ஒட்டைப் பற்றித்தான் இந்த முறை நிறையப் பேசியிருக்கிறோம்.

கே: ரோமானியருக்கு முன் இத்தாலியில் வாழ்ந்த எட்ரஸ்கன்களின் ஊக்கு ஒன்றின் படத்தில் மணலைத் தூவினாற்போல் பொன்மணிகள் இருந்தன. மணிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒட்டின தடமே தெரியவில்லை. மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டு வேலை பார்க்கும் பத்தரிடம் காட்டினேன். "பொடி வைக்காம பொன்னு ஒட்டாது ஆச்சி, கண்ணுக்குத் தெரியாம வச்சிருப்பாக" என்கிறார். எது சரி?
— வாசகி, காரைக்குடி

ப: பத்தர் சொல்வதில் பாதி சரி. மூன்றாவதாக ஒரு பொருள் அங்கே இருக்கிறது. ஆனால் அது நம் பட்டறைப் பொடி அல்ல.

அந்த ஊக்கு 1836இல் இத்தாலியின் செர்வெத்தேரியில் ஒரு கல்லறையைத் திறந்தபோது கிடைத்தது. கி.மு. 7ஆம் நூற்றாண்டு வேலை. இன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறக்குறைய ஓர் அடி நீளம். மேல் தட்டில் ஐந்து சிங்கங்கள், கீழ்ப் பகுதியில் வரிசை வரிசையாகச் சிறு வாத்துகள். உருவங்களின் ஓரம் முழுக்க மணிகளால் கோடு போட்டிருக்கிறார்கள். எட்ரஸ்கன் நகைகளில் மிக நுண்ணிய மணிகள் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு.

பொடி என்பது என்ன? பொன்னோடு வெள்ளியும் செம்பும் கலந்து, நகையைவிடச் சீக்கிரம் உருகும்படி செய்து, ராவிய தூள். வெங்காரத்தோடு வைத்து ஊதினால் உருகித் தண்ணீர் போல ஓடும். எங்கே இடுக்கு மிகக் குறுகலோ அங்கேதான் முதலில் ஏறும். ஒரு வளையத்தின் வாயை மூடுவதற்கு இந்தக் குணம் வரம். மணி வேலைக்கு இதுவே சாபம். கால் மில்லிமீட்டர் மணிகள் நெருக்கமாக உட்கார்ந்திருக்கும் இடமெல்லாம் இடுக்குதான். பொடி மணியிலிருந்து மணிக்குத் தாவி, பள்ளத்தை நிரப்பி, பொங்கலில் புதைந்த முந்திரி மாதிரி ஆக்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ரோம் நகரின் காஸ்தெல்லானி குடும்பத்தார் இந்தப் பழைய வேலையை மீட்க வெகுகாலம் பாடுபட்டார்கள். கண்ணுக்கு எட்டாத அளவு பொடியைச் சன்னமாக்கியும் பார்த்தார்கள். அழகான நகைகள் செய்தார்கள், ஆனால் எட்ரஸ்கன் நுணுக்கம் மட்டும் வசப்படவில்லை.

விடை செம்பில் இருந்தது. தங்கம் 1064 டிகிரியில் உருகும், செம்பு 1085 டிகிரியில். இரண்டும் தொட்டுக்கொண்டு ஒன்றில் ஒன்று கலந்துவிட்டால் 900 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். 1930களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயப் பொற்கொல்லர் இதைச் செய்முறையாக்கினார். செம்பின் மேல் பூக்கும் பச்சைக் களிம்பைப் பசையில் குழைத்து மணிகளை ஒட்டுகிறோம். சூடு ஏற ஏறக் களிம்பு கறுப்புச் செம்பு ஆக்சைடாக மாறும். 600 டிகிரி வாக்கில் பசை கரியாகும். 850ஐ ஒட்டி அந்தக் கரி, ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ளும். மிச்சம் நிற்பது தூய செம்பு, அதுவும் மணி தகட்டைத் தொடும் புள்ளியில் மட்டும். 890ஐத் தொட்டதும் அந்தப் புள்ளி கலந்து உருகி இறுகிவிடும். ஓடிப் பரவ அங்கே வேறு உலோகம் இல்லை. அதனால்தான் படத்தில் தடம் தெரியவில்லை.

பழங்காலத்தவருக்கு இது தெரியுமா என்றால், பச்சைச் செம்புத் தாதுவைக் கிரேக்கர்கள் கிரைசோகொல்லா என்றே அழைத்தார்கள். பொன்பசை என்று பொருள். ரோமானியரான பிளினி, பொற்கொல்லர்கள் அதை ஒட்டுக்குப் பயன்படுத்துவதை எழுதியே வைத்திருக்கிறார். எல்லா எட்ரஸ்கன் நகையும் இதே வழியில்தான் ஒட்டப்பட்டது என்று சொல்லிவிடக் கூடாது. பொடி வைத்த ஒட்டும் அவர்களிடம் உண்டு. மணி நுணுக்கமாக ஆக ஆக இந்த வழிதான் கைகொடுக்கும்.

கே: மணி வேலையைக் கண்டுபிடித்தவர்கள் எட்ரஸ்கன்களா?
— வாசகர், கோனாபட்டு

ப: இல்லை. அவர்களுக்கு ஏறக்குறைய 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, கி.மு. 2500 வாக்கில், இன்றைய இராக்கிலுள்ள 'ஊர்' என்ற பெயருடைய பழைய நகரத்தின் அரச கல்லறைகளில் மணி வைத்த பொன் இருக்கிறது. அங்கிருந்து மேற்கே பரவியது.

இடைப்பட்ட காலத்து நகை ஒன்றைக் கிட்ட வைத்துப் பார்க்கலாம். கிரீட் தீவின் மாலியாவில் கிடைத்த பதக்கம், ஏறத்தாழ கி.மு. 1800–1700. அகலம் ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கும். இரண்டு தேனீக்கள் எதிரெதிராக வளைந்து, தலையும் வால் நுனியும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நடுவே அவை கால்களால் பற்றியிருக்கும் வட்டம் முழுக்க மணி அடுக்கு, அதுதான் தேனடை. தலைகளுக்கு மேலே கம்பியால் ஒரு சின்னக் கூண்டு, அதற்குள் ஒரு பொன் குண்டு. கீழே மூன்று வட்டத் தகடுகள் தொங்கி ஆடுகின்றன. தேனடையின் மணிகளும் உடலின் வரிகளும் ஒரே அளவில் இல்லை. எங்கே பெரியது, எங்கே சிறியது என்று தேர்ந்து வைத்திருக்கிறார்கள். ஹெராக்லியோன் அருங்காட்சியகத்தில் அதை வைத்திருக்கிறார்கள்.

கே: பட்டறையில் செய்துபார்க்க ஆசை. அளவோடு, படிப்படியாக, எது எங்கே கெடும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.
— நகைத் தொழிலாளி, தேவகோட்டை

ப: முதலில் பொன். 22 காரட் போதும். 18 காரட்டில் செம்பு கூடுதல், அடித்தகடே முன்கூட்டி இளகிவிடும். அடித்தகடு 0.3 மி.மீ. கனம் இருக்கட்டும். கனம் கூடினால் தகடு சூட்டை இழுத்துக்கொண்டு பின்தங்கும், அதற்குள் மணிகள் முந்திக்கொண்டு உருகும்.

மணி உருட்ட 0.3 மி.மீ. கம்பியை அரை மி.மீ. துண்டுகளாக நறுக்குங்கள். ஒவ்வொன்றும் 0.4 மி.மீ. மணியாகும். ஒரு கிராம் பொன்னில் ஏறக்குறைய 1,700 மணி கிடைக்கும், குன்றிமணி எடைக்கு 200. துண்டின் நீளம் மாறினால் மணியின் பருமன் மாறும், எனவே நறுக்குவதில் அவசரம் கூடாது. மூசையின் (உலோகம் உருக்கும் குடுவையின்) அடியில் சலித்த கரித்தூளை விரல் கனத்துக்குப் பரப்பி, அதன் மேல் துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் தூவி, மறுபடி கரித்தூள், மறுபடி துண்டு என்று அடுக்குங்கள். தொட்டுக்கொண்டவை சேர்ந்து ஒரே பெரிய மணியாகிவிடும். மூசையை மூடி 1100 டிகிரிக்குக் கொண்டுபோய் நன்றாக ஊறவிட்டு, தானாக ஆற விடுங்கள். உருகிய பொன் தன் மேற்பரப்பு இழுவிசையால் தானே உருண்டுகொள்ளும். இரண்டு மி.மீ.க்கு மேல் போனால் எடை அழுத்தி அடிப்பக்கம் தட்டையாகும். ஆறிய பிறகு சோப்புத் தண்ணீரில் அலசினால் கரி மிதந்து போகும். மணிகளைச் சல்லடையில் அளவுவாரியாகப் பிரித்து வையுங்கள். அளவு கலந்த மணியை வைத்தால் சிறியது உருகும்போது பெரியது இன்னும் ஒட்டியிருக்காது.

பசைக்குச் செம்புக் களிம்புப் பொடியும் கருவேலம் பிசினும் சம பங்கு. மோர் பதத்துக்குத் தண்ணீர் விட்டு, துணியில் வடிகட்டுங்கள். களிம்பு விஷம். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு, இந்த வேலையில் அதை அறவே விட்டுவிடுங்கள். ஊதும்போது சன்னல் திறந்திருக்கட்டும்.

தகட்டைச் சாம்பலால் தேய்த்து, எண்ணெய்ப் பசையே இல்லாமல் கழுவுங்கள். ஒரு விரல் ரேகை பட்டாலும் அந்த இடத்தில் மணி நிற்காது. பசையை மெல்லியதாகத் தடவி, ஈரத் தூரிகையால் மணியை ஒவ்வொன்றாக எடுத்து வையுங்கள். தொட்டாற்போல் அமைய வேண்டும். பசை மணியின் இடுப்புவரை ஏறக் கூடாது, பாதத்தில் மட்டும் நிற்க வேண்டும். வைத்து முடித்ததும் நிழலில் உலர விடுங்கள். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஈரம் இருக்கும்போதே தீயைக் காட்டினால் பசை கொதித்துக் குமிழியிடும், மணிகள் இடம் மாறும். ஓர் இரவு காத்திருந்தால் நஷ்டமில்லை.

தீ விஷயத்தில் ஒரே விதி, கரி சூழ்ந்த தீயாக இருக்க வேண்டும். ஊதுகுழலில் காற்றை அதிகம் கொடுத்துச் சீறும் நீலத் தீயாக்கினால் கரி முன்னமே எரிந்து போய்விடும். பிறகு செம்பு ஆக்சைடைச் செம்பாக்க ஆளில்லை, தகடு கறுத்துப்போய் மணிகள் உதிரும். கரிக்கட்டையைக் குடைந்து, வேலையை அதன் குழிக்குள் வைத்து, கீழிருந்தும் சுற்றிலுமிருந்தும் சூடேற்றுங்கள். அரையிருட்டில் செய்வது நல்லது, பொன்னின் நிறம் அப்போதுதான் தெரியும். சிவப்பு ஏறி, ஆரஞ்சுக்குத் திரும்பும் வேளையில் மேற்பரப்பு முழுவதும் திடீரென்று நனைந்தாற்போல் மினுங்கும். அந்த மினுக்கம் ஒன்றிரண்டு நொடிதான். கண்டதும் தீயை எடுத்துவிட வேண்டும். இன்னொரு நொடி கொடுத்தால் மணிகள் தகட்டில் கரைந்து மேடாகிவிடும்.

ஆறியதும் புளித்தண்ணீரில் கொதிக்கவைத்து, பித்தளைப் பிரஷால் தேயுங்கள். உதிர வேண்டியது அப்போதே உதிரட்டும். உதிர்ந்த இடம் கறுப்பாக இருந்தால் தீ தவறு. மஞ்சளாகவே இருந்தால் சூடு போதவில்லை அல்லது அழுக்கு. மணியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் இருந்தால் களிம்பு அதிகம். முதல் பத்து முறையும் இரண்டு சதுர சென்டிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள். சொக்க வெள்ளியில் பழகினாலும் கை படியும், அதற்கு மினுக்கம் சற்று முன்னதாகவே வந்துவிடும்.

கே: உறவினர் ஒருவருக்கு "ரோம் காலத்துக் காதணி" என்று ஒரு ஜோடி விலைக்கு வந்திருக்கிறது. போலியைக் கண்டுபிடிக்க வழி உண்டா?
— வாசகர், கண்டனூர்

ப: உண்டு. நகையின் முகத்தைப் பார்க்காதீர்கள், திருப்பிப் போட்டுக் கம்பியைப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும்.

இன்றைய கம்பி ஓட்டைத் தகட்டில் இழுத்த கம்பி. தகட்டின் ஓட்டை போட்ட கீறல்கள் கம்பியின் நீளவாக்கில் நேர்நேராக ஓடும். பழைய கிரேக்க, ரோமக் கம்பிகள் பெரும்பாலும் முறுக்கி உருட்டியவை. சதுரக் கம்பியை முறுக்கி, இரண்டு பலகைகளுக்கு நடுவே உருட்டுவார்கள். அல்லது மெல்லிய பொன் நாடாவைப் பனையோலைச் சுருள் மாதிரி சுற்றி, இறுக்கி உருட்டுவார்கள். முதல் வகையிலும் இரண்டாம் வகையிலும் திருகாணி மாதிரி சுற்றிப்போகும் கோடு தெரியும். இரண்டாவதில் வெட்டுவாயைப் பார்த்தால் உள்ளே பொள்ளல் இருக்கும். கம்பி இழுக்கும் தகடு மத்தியதரைக் கடல் பக்கத்தில் பரவலானது ரோமப் பேரரசு தளர்ந்ததற்குப் பிறகுதான். ஆகவே நேர்க்கீறல் கண்டால் விலகிவிடுங்கள். திருகுக் கோடு கண்டால் மட்டும் உடனே நம்பிவிடாதீர்கள், அதைச் செய்யத் தெரிந்த போலிக்காரர்களும் உண்டு.

இன்னொரு சோதனை எளிது. ஹால்மார்க் மையங்களில் எக்ஸ்ஆர்எஃப் கருவி இருக்கும், நகைக்குச் சேதமில்லாமல் உலோகக் கலவையைச் சொல்லும். ஒட்டின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேட்மியம் வந்தால் பேச்சே இல்லை. கேட்மியம் என்ற உலோகத்தைக் கண்டுபிடித்ததே 1817இல். நாம் கேடிஎம் நகை என்று சொல்வது அதை வைத்து ஒட்டியதைத்தான்.

ஏமாந்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் 1896இல் சைத்தாஃபெர்னெஸ் என்ற பழங்கால மன்னனின் பொன் கிரீடம் என்று ஒன்றை வாங்கிப் பெருமையோடு வைத்தது. 1903இல் ஒடெஸா நகரப் பொற்கொல்லர் ருகோமோவ்ஸ்கி பாரிசுக்கே வந்து, அதன் ஒரு பகுதியை எல்லார் முன்னிலையிலும் மறுபடி செய்து காட்டினார். கிரீடம் அவர் கைவேலை. கலைஞர் என்ற முறையில் அவர் பெரிய ஆள்தான், சந்தேகமில்லை.

உண்மையிலேயே பழையது என்றாலும் சட்டம் இருக்கிறது. நூறு ஆண்டு கடந்த கலைப்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றம், வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அரசுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாத பொருளை வாங்கவே வேண்டாம்.

கே: கிரேக்கப் பின்னல் சங்கிலியில் வளையத்தில் ஒட்டே தெரியவில்லை, துணி மாதிரி மடிகிறது. இங்கே செய்ய முடியுமா? எத்தனை பவுன் ஆகும்?
— வாசகி, பள்ளத்தூர்

ப: தாராளமாகச் செய்யலாம். பொறுமைதான் கூலி. ஒற்றைப் பின்னலுக்கு 0.5 மி.மீ. கம்பியை 8 மி.மீ. குச்சியில் சுற்றி வளையங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு வளையத்தின் வாயையும் இடைவெளி இல்லாமல் சேர்த்து, பொடியே இல்லாமல் தீயால் மட்டும் உருக்கி இணைக்க வேண்டும். பிறகு வளையத்தைக் குறட்டால் இழுத்து நீள்வட்டமாக்கி, நடுவில் மடித்தால் இரண்டு காது நிமிர்ந்து நிற்கும். அடுத்த நீள்வட்டத்தை அந்த இரண்டு காதுகளுக்குள்ளும் நுழைத்து, அதையும் மடிக்க வேண்டும். முழுச் சங்கிலியும் இவ்வளவுதான். நுழைத்த பின் ஒட்டுவது இல்லை, எல்லா ஒட்டும் முன்பே முடிந்துவிடுகிறது. அதனால்தான் துணி போல மடிகிறது.

வளையத்துக்கு ஐந்து, ஐந்தரை மி.மீ. நீளம் கூடும். 45 செ.மீ. சங்கிலிக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு வளையம். கம்பி இரண்டரை மீட்டருக்குள். 22 காரட்டில் எட்டு கிராமை ஒட்டி வரும், அதாவது ஒரு பவுன். கொக்கிக்குத் தனி. ஒரு வளையத்துக்குள் இரண்டு வளையம் கோக்கும் இரட்டைப் பின்னல் சதுரக் கயிறாக இறுகி வரும், அதற்குப் பொன் அதிகம்.

கெடுவது இரண்டு இடத்தில். இணைத்த இடம் உருகிக் குண்டு கட்டினால் அந்த வளையம் நுழையாது, தூக்கி உருக்கில் போடுங்கள். நீள்வட்டமாக இழுக்கும்போது வாய் விட்டால் அது கெட்ட ஒட்டு, நல்லவேளை அங்கேயே தெரிந்தது. எப்போதும் இணைத்த இடம் நீள்வட்டத்தின் பக்கவாட்டில் வரட்டும், மடிப்பிலோ நுனியிலோ வரக் கூடாது. பழகுவதற்குச் சொக்க வெள்ளி எடுங்கள். செம்பு கலந்த வெள்ளி கறுத்துக்கொள்ளும், பொடியில்லாமல் சேராது.

கே: கருக்காக்குறிச்சியில் கிடைத்த ரோமப் பொற்காசுகள் நகைக்காக வந்தவையா? காசுமாலைக்கும் அதற்கும் தொடர்பு உண்டா?
— வாசகர், புதுக்கோட்டை

ப: 1898இல் கிடைத்த புதையல் அது. 501 பொற்காசுகள், அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான பேரரசர்கள் வெளியிட்டவை. பெரும்பாலான காசுகளில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு இருக்கிறது. நாணயமாக மறுபடி ஓடாமல் இருக்கச் செய்த வெட்டு என்று சிலரும், உள்ளே செம்பு ஒளிந்திருக்கிறதா என்று பார்த்த வெட்டு என்று சிலரும் சொல்கிறார்கள். சோதிக்க விளிம்பில் ஒரு கீறல் போதும், ஒவ்வொன்றாக முகத்தில் வெட்டியிருக்க வேண்டியதில்லை. முதல் கருத்தே எங்களுக்கு ஏற்புடையதாகப் படுகிறது. வெட்டிய காசுக்கு அப்புறம் எடைதான் மதிப்பு, அதாவது பொன்கட்டி.

எடையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். அகஸ்டஸ் காலத்துக் காசு 7.8 கிராமை ஒட்டியது, கிட்டத்தட்டச் சொக்கத் தங்கம். கி.பி. 64இல் நீரோ எடையைக் குறைத்த பின் 7.3 கிராம். நம் பெட்டகங்களில் இருக்கும் பிரிட்டிஷ் சவரன் மொத்தம் 7.98 கிராம், அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். நீரோவின் காசும் ஒரு சவரனும் பொன்னளவில் ஏறக்குறைய ஒன்று.

காசைப் பதக்கமாக்கி அணிவது ரோமிலேயே கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பெரிய மோஸ்தர். துளையிட்ட, காது வைத்த ரோமக் காசுகள் இந்தியாவிலும் கிடைக்கின்றன. அதற்காகக் காசுமாலை ரோமிலிருந்து வந்தது என்று சொல்வது நியாயமில்லை. பொற்காசு கையில் இருக்கும் எந்த ஊரிலும் அதைக் கழுத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றும்.

கே: இங்கிருந்து அங்கே போன கற்கள் எவை?
— வாசகி, கோட்டையூர்

ப: முத்து, கொங்கு நாட்டில் கிடைக்கும் பெரில் என்ற இரத்தினக்கல், மிளகோடு சேர்ந்து போன இன்னும் பல. காங்கேயம் பக்கத்துப் படியூர்ப் பெரில் கடல்பச்சை நிறம். ரோமக் கழுத்தணிகளில் ஆறு பட்டைப் பெரில் மணியைப் பொன் கம்பியில் கோத்திருப்பதைப் பார்க்கலாம். அந்தக் கல் இயற்கையிலேயே ஆறு பட்டையாகத்தான் விளையும், நுனியைச் சமன்செய்து துளையிட்டால் போதும். இந்தியர்களுக்கு நீளமான பெரில் மீது தனி ஆசை என்று பிளினி குறித்திருக்கிறார். துளையிடுவதில் நம்மவர்கள் கெட்டி. வைரத் துணுக்கு பதித்த துரப்பணத்தால் இரு பக்கமிருந்தும் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பார்கள். இரண்டு துளையும் சற்றே விலகிச் சந்தித்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடு இருக்கும், உள்ளே வெளிச்சம் விட்டால் தெரியும். முத்துக்கு ரோமப் பெண்கள் உயிரையே கொடுத்தார்கள். காதில் இரண்டு மூன்று முத்து தொங்கி ஒன்றோடொன்று மோதிச் சத்தமிடும் தொங்கலுக்கு, சலங்கை மாதிரி ஒலிப்பது என்ற பொருளில் குரோட்டாலியா என்று பெயர்.

கே: கழுத்திரு மாதிரி கல்யாணத்துக்கென்றே தனி நகை அங்கே உண்டா?
— வாசகி, ஆத்தங்குடி

ப: அவ்வளவு பொன் சேர்த்த ஒன்று இல்லை. ரோமில் நிச்சயித்த பெண்ணுக்கு மோதிரம் அனுப்புவார்கள். பிளினி காலத்திலும் அது கல் பதிக்காத இரும்பு மோதிரம். மணப்பெண்ணின் இடுப்புக் கச்சையில் ஹெராக்ளிஸ் முடிச்சுப் போடுவார்கள், மணமகன் அவிழ்ப்பான். இரண்டு கண்ணி ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, இழுக்க இழுக்க இறுகும் முடிச்சு அது. அலெக்சாந்தர் பாரசீகத்தை வென்று அங்கிருந்து பொன் குவிந்த பிறகு, கிரேக்கப் பொற்கொல்லர்கள் அதையே தலையணிகளின் நடுவில் பொன்னால் செய்து, சிவப்புக் கல் பதித்தார்கள். பார்க்க முடிச்சு, உண்மையில் தகட்டுக் குழாய்களை வளைத்துக் கோத்தது.

கே: "புடம் போட்ட தங்கம்" என்கிறோமே, அங்கேயும் புடம் உண்டா?
— ஆசிரியர், குன்றக்குடி

ப: உண்டு, அகழ்ந்து எடுத்தே பார்த்திருக்கிறார்கள். இன்றைய துருக்கியிலுள்ள சார்டிஸ், பழைய லிடியா நாட்டுத் தலைநகர். ஆற்றுப் பொன்னில் வெள்ளி இயல்பாகவே கலந்திருக்கும். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் அங்கே அதைத் தகடாக அடித்து, மண்பானையில் உப்போடு அடுக்கி, பொன் உருகாத சூட்டில், 600–800 டிகிரியில், நாள்கணக்கில் வைத்தார்கள். உப்பிலிருந்து வரும் ஆவி வெள்ளியை மட்டும் தின்று, பானைச் சுவரில் கொண்டுபோய்ச் சேர்க்கும். பொன் தகடாகவே நிற்கும். சூடு கூடித் தகடு உருகிவிட்டால் ஆவி உள்ளே புகாது, வேலை பாழ். தகடு தடித்திருந்தால் நடுவில் வெள்ளி தங்கிவிடும். உரைகல்லுக்கும் கிரேக்கர்கள் லிடியக் கல் என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

கே: ரோமக் கைவளை ஒன்று கட்டைவிரல் பருமன். இவ்வளவு பொன் போட்டார்களா? எங்கள் ஆயாவின் பழைய நகை ஒன்றும் பார்க்கப் பெரிது, எடை இல்லை.
— வாசகி, கானாடுகாத்தான்

ப: இரண்டும் பொள்ளல் வேலையாகத்தான் இருக்கும். மெல்லிய தகட்டை இரண்டு பாதியாகத் தட்டி எடுத்து, விளிம்பை ஒட்டி, நசுங்காமலிருக்க உள்ளே எதையாவது நிரப்புவார்கள். நம்மிடம் அரக்கு. ரோமானியர்கள் கந்தகத்தை உருக்கி ஊற்றியதும் உண்டு. 115 டிகிரியில் உருகிவிடும், பொன்னைப் பாதிக்காது, ஆறினால் கல் மாதிரி இறுகும்.

உங்கள் ஆயாவின் நகை நெளிந்திருந்தால், பழுது பார்க்கக் கொடுக்கும் முன் உள்ளே அரக்கு இருக்கிறது என்று பத்தரிடம் சொல்லிவிடுங்கள். தெரியாமல் தீ காட்டினால் அரக்கு கொதித்து, வெளியேற வழி தேடி ஒட்டைப் பிளக்கும். முதலில் நகையிலுள்ள துளையைக் கீழ்நோக்கிப் பிடித்து இதமான சூட்டில் அரக்கை வடிக்க வேண்டும், மிச்சத்தை ஸ்பிரிட்டில் ஊறவைத்துக் கரைக்க வேண்டும். வெறும் பொள்ளல் குண்டானாலும் காற்றுப் போக ஊசித்துளை அவசியம். அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து குண்டை வெடிக்கச் செய்யும்.

கே: மணி வைத்த பழைய நகையை எப்படிக் கழுவுவது?
— வாசகி, நாட்டரசன்கோட்டை

ப: பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, நுரையை மட்டும் எடுத்து, குழந்தைகள் பல் துலக்கும் மெத்தென்ற பிரஷால் ஒரே திசையில் தடவுங்கள். குறுக்கே தேய்த்தால் பிரஷின் மயிர் மணியின் அடியில் மாட்டி நெம்பும். பொள்ளல் நகையை முக்கி வைக்காதீர்கள். ஊசித்துளை வழியே உள்ளே போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. அதிர்வு மூலம் சுத்தம் செய்யும் கருவி அரக்கு நகைக்கும் முத்துக்கும் ஆகாது. புளியும் இந்த நகைகளுக்கு வேண்டாம், இடுக்கில் தங்கிய புளி அழுக்கைப் பிடித்து வைக்கும். கடைசியாகச் சுத்தத் தண்ணீரில் காட்டி, பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து, துளை கீழே பார்க்கும்படி நிழலில் ஒரு பகல் முழுக்க வையுங்கள். பெட்டியில் வைக்கும்போது பஞ்சில் நேராக வைக்காமல் மல் துணியில் சுற்றுங்கள், பஞ்சு நூல் மணிகளுக்கிடையே சிக்கிக்கொள்ளும்.